அந்தக் கையெழுத்துக்கு எத்தனை பங்காளிகள்!

அமெரிக்க இளைஞர்கள் நான்கு பேர் கூடினால், நேற்றைய என்பிஏ கூடைப்பந்து ஆட்டத்தில் தொடங்கும் பேச்சு, புதிதாக வந்த ராப் ஆல்பத்துக்குத் தாவி சினிமாவில் போய் நிற்கும். வெட்டிப் பேச்சு என்று அதைத் தள்ளிவிட முடியாது. கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் இந்த மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அதை உணர்ந்து எடுக்கப்பட்ட படம், ஸ்பைக் லீ இயக்கி 1998-ல் வெளியான ‘ஹீ காட் கேம்’.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தங்கையை வளர்த்துக்கொண்டு வாழும் ஜீசஸ், நாட்டிலேயே சிறந்த பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரன். தாயின் சாவுக்குக் காரணமான தந்தை ஜேக், அட்டிகா சிறையில் இருக்கிறார். ஆளுநர் படித்த பல்கலைக்கழக அணியில் மகனைச் சேரவைத்தால் தண்டனை குறையும் என்று ஆசைகாட்டி, அவரைச் சில நாள் வெளியே விடுகிறார்கள்.

மகனாக நடித்த ரே ஆலன் அப்போது மில்வாக்கி பக்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். தந்தையாக டென்சல் வாஷிங்டன். இறுதியில் இருவரும் தனித்து மோதும் ஆட்டத்தில், திரைக்கதைப்படி தந்தை ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது. ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கூடைப்பந்து ஆடிய வாஷிங்டனோ, சொல்லாமல் கொள்ளாமல் பந்தைக் கூடைக்குள் போடத் தொடங்கிவிட்டார். லீ கேமராவை நிறுத்தவில்லை. ஆலனும் நிஜமாகவே மல்லுக்கு நின்றார். அப்பனும் மகனும் பல வருடங்களாகப் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த ஆட்டத்தில் வெளியே வருகிறது.

படத்தின் பாடல்கள் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவினுடையவை. ஆனால் கோனி ஐலண்டுப் பையன்கள் தெருவில் ஆடும்போது, ராப் வரும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்டின் ‘ஹோ-டவுன்’ ஒலிக்கிறது. மாட்டுப்பண்ணை அமெரிக்காவின் அடையாளமாகவே ஆகிவிட்ட இசை அது. இவர்களும் இந்த நாடுதான் என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார் லீ. அவருடைய ஆகத் துணிச்சலான இசைத் தேர்வு இதுதான் என்பேன்.

படத்தின் உயிர், ஜீசஸ் எந்த அணிக்குக் கையெழுத்திடுவான் என்ற பேரத்தில் இருக்கிறது. பங்கு கேட்கும் மாமா, பணத்தை நீட்டும் பள்ளிப் பயிற்சியாளர், ஏஜென்ட்டிடம் அழைத்துப்போகும் காதலி என்று பையனின் கையெழுத்தைச் சுற்றிலும் பங்காளிகள். அவனுக்கோ கல்லூரியில் ஆடினால் சம்பளம் கிடையாது. அன்றைய விதி அப்படி. அதே கல்லூரிகள் மோதும் மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை, 2010-ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் வழி பிறந்தது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம்.

இதனால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் இன்றும் உண்டு. பணம் எப்போதும் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. வியர்வை சிந்தியவன் கைக்கு மட்டும் வரவில்லை. இப்போது வருகிறது, நியாயம். ஆனால் பங்காளிகள் கூட்டம் கலையவில்லை. தொகை பெரிதாகப் பெரிதாக அதுவும் பெருகும். பையன் பக்கம் நின்று பேச ஓர் அமைப்பு வேண்டும்.

என்பிஏ ஆட்டக்காரர்களுக்கு 1954-லேயே சங்கம் வந்துவிட்டது. டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைக்க முன்வந்தது. நிர்வாகம் ஏற்கவில்லை, ஆண்டு முடிவில் சங்கத்துக்கான மனு திரும்பப் பெறப்பட்டது. அந்த மாணவர்கள் கேட்டது நியாயமான உரிமை. அதை இன்னும் பல கல்லூரி அணிகள் சேர்ந்து கேட்க வேண்டும்.