பொட்டியில பூட்டு இருக்கு, வாரிசு எங்கே?

டிஸ்கி: நான் வங்கியில் குப்பை கொட்டுபவன். பி.காம் படித்த கும்பகோணத்துக்காரன், இப்போது ஜாகை திருவனந்தபுரம் பழவங்காடி. கிரிப்டோ வாங்கு என்றோ விற்று விடு என்றோ சொல்லும் பதிவு அல்ல இது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே உபதேசம். "காயினை எக்ஸ்சேஞ்சில் வைக்காதே. ஹார்டுவேர் வாலட் வாங்கு. நிம்மதியாத் தூங்கு." முதல் வாக்கியம் சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது சுத்த ஜல்லி.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸில் இருந்து 23 கோடி டாலருக்கும் மேல் காணாமல் போனது. திருடு போனது எதீரியம் சார்ந்த டோக்கன்கள். ஆனால் எக்ஸ்ஆர்பி வைத்திருந்தவரின் கணக்கும் சேர்ந்தே முடங்கியது. அப்படி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். ஆக, அடுத்தவன் பொட்டியில் நம் பொருள் இருந்தால் ஆபத்துதான். மறுக்கவில்லை.

இப்போது உபதேசிகள் சொல்லாமல் விடும் சங்கதி. அந்த வசீர்எக்ஸ் பணமும் ஹார்டுவேர் வாலட் காவலில்தான் இருந்தது! ஒருவரே எடுத்துவிட முடியாதபடி பல கையெழுத்து ஏற்பாடு. கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் ஹார்டுவேர் வாலட்தான் பயன்படுத்தினார்கள். திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று வசீர்எக்ஸே அறிக்கை விட்டது. 2025 பிப்ரவரியில் பைபிட்டில் சுமார் 150 கோடி டாலர் போனதும் இதே மாதிரிதான், அதுவும் 'கோல்டு வாலட்' என்று பெயர் வைத்த இடத்தில் இருந்து.

காரணம் எளிது. அந்தச் சாதனத்துக்குள் காயின் கிடையாது. காயின் பிளாக்செயின் பேரேட்டில் இருக்கிறது. சாதனத்தில் இருப்பது சாவி மட்டும். சாவி வெளியே போகாமல் அது காக்கும், அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் நீங்களே படிக்காமல் 'சரி' பட்டனை அமுக்கினால் அது என்ன செய்யும்? வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரும்புப் பெட்டியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. லாக்கர் பொறுப்பில் இருக்கும் எவனும் பார்க்கும் காட்சி இது: வீட்டுக்காரர் போய்விட்டார், அந்த அம்மா சாவிக்கொத்தோடு வந்து நிற்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. இருந்தாலும் எங்களிடம் ஒரு வழி உண்டு. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளமும் போதும். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ். சாவியே தொலைந்தாலும் சாட்சி வைத்து உடைத்துத் திறப்போம். அலைச்சல் உண்டு, ஆனால் கதவு திறக்கும்.

ஹார்டுவேர் வாலட்டில்? பின் நம்பர் உங்கள் தலையில். மீட்புக்கான 24 வார்த்தைகள் எங்கேயோ ஒரு துண்டுச் சீட்டில். நீங்கள் போனால் எந்தத் தாசில்தார் சான்றிதழ் அதைத் திறக்கும்? ஸ்டீபன் தாமஸ் என்பவர் 7,002 பிட்காயினின் சாவியை ஒரு பூட்டிய பென்டிரைவில் வைத்து, கடவுச்சொல் எழுதிய காகிதத்தைத் தொலைத்த கதை 2021இல் உலகம் முழுக்க வந்தது. பத்து வாய்ப்பில் எட்டு காலி. அவர் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கதி.

எங்கள் தெருமுனையில் இருந்து பொடிநடை தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில். 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே நிலவறைகளைத் திறந்ததும் உலகமே வாய் பிளந்தது. எல்லோரும் தங்கத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வழக்கு சொல்லும் விஷயம் வேறு. 1991இல் சித்திரைத் திருநாள் மகாராஜா மறைந்த பிறகு நிர்வாக உரிமை யாருக்கு? இதுதான் வழக்கின் மையம். 2020 ஜூலையில் தீர்ப்பு வந்தது, ராஜ குடும்பத்தின் உரிமை தொடரும், நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் என்று. அத்தனை பெரிய பூட்டுக்கும் கடைசியில் வந்த கேள்வி வாரிசுதான். கல்லறைக் கதவு என்பதால் கோர்ட் பேச்சு செல்லுபடியானது. 24 வார்த்தைக்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது. சொத்து என்று சொல்லலாம், எடுத்துத் தர முடியாது.

"உங்க வங்கி மட்டும் யோக்கியமா?" என்பீர்கள். நியாயம். 'லாக்கருக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று காலங்காலமாகக் கை கழுவியவர்கள்தான் நாங்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகுதான் ரிசர்வ் வங்கி விதியை மாற்றியது. திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்றால் வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை பொறுப்பு. 3,000 ரூபாய் வாடகைக்கு 3 லட்சம். உள்ளே 30 லட்சம் நகை இருந்தால் அது போதாதுதான். ஆனால் கேட்க ஒரு ஆள், சண்டை போட ஒரு கவுண்டர் இருக்கிறது. ஹார்டுவேர் வாலட் வாங்கிய அன்றே அந்த கவுண்டரின் இரண்டு பக்கத்திலும் நீங்களே உட்காருகிறீர்கள்.

அதனால் வாங்குங்கள், ஆனால் கீழே உள்ளதையும் செய்யுங்கள்.

1. தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்குங்கள். வார்த்தைகள் ஏற்கெனவே எழுதி வந்தால் அது பொறி.

2. 24 வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீர்கள், மெயிலில் போடாதீர்கள். யார் கேட்டாலும் தராதீர்கள். 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் முகவரியும் போன் நம்பரும் வெளியே கசிந்தன. 'கம்பெனியிலிருந்து பேசுகிறோம்' என்று வருபவனுக்கு அது போதும்.

3. பெரிய தொகை ஏற்றும் முன் சாதனத்தை அழித்துவிட்டு வார்த்தைகளை வைத்து மீட்டுப் பாருங்கள்.

4. சாதனத் திரையில் புரியாத எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

5. ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன இருக்கிறது, வார்த்தைகள் எங்கே, யாரிடம் உதவி கேட்கலாம். வார்த்தைகள் ஒரு இடம், கடிதம் வேறு இடம். உயிலிலும் சேருங்கள், வார்த்தைகளை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

ஐந்தாவதைச் செய்யாதவர் தன் சொத்தைத் திருடனிடம் இருந்து மட்டுமல்ல, மனைவி மக்களிடம் இருந்தும் பத்திரமாகக் காப்பாற்றுகிறார். அதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் என்னிடம் மாற்றுக் கருத்து இருக்கிறது. உங்களிடமும் இருந்தால் பின்னூட்டத்தில் கும்மலாம் :-)