தரமும் தராசும்

பொருளை மலிவாக உற்பத்தி செய்யும் முயற்சிக்குத் தொழிலாளர்கள் விரோதிகள் என்று சிலர் சொல்லி வருகிறார்கள். நாம் விரோதிகளல்லர். 1908-ல் ஏறத்தாழ 850 டாலருக்கு விற்ற ஃபோர்டு 'மாடல் டி' கார், எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே அளவான உறுப்புகளாலும் புதிய வேலைமுறையாலும் 1925-ல் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. இடையே 1914-ல் அதே கம்பெனி, சில நிபந்தனைகளோடுதான் என்றாலும், நாட்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலராக்கியது. கூலியைக் குறைத்தாலன்றிச் செலவு குறையாது என்று ஓதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

ஆனால் உறுப்பு ஒன்றானதோடு, அதை வாங்கும் கையும் ஒன்றாகிவிட்டால் கதை வேறு. 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கொள்முதல் தலைவராக வந்த லோபஸ், உலகெங்கும் சிதறிக் கிடந்த கொள்முதல் பிரிவுகளை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவந்தார். உறுப்புகள் செய்து தந்தவர்களின் பழைய ஒப்பந்தங்களைப் புரட்டிப் போட்டு, மறுபடியும் விலை கேட்டார். யார் குறைத்துச் சொன்னாரோ அவருக்கு வேலை. விலையைக் குறைத்த பட்டறைக்காரர் வேறு எதைக் குறைத்திருப்பார்? இரும்பின் விலை அவர் கையில் இல்லையே!

இது அமெரிக்காவின் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நமது ரப்பரும் டயருக்கு ஓர் உறுப்புதான். முன்பு புகையூட்டிய ஷீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். 1965-ல் எஸ்.எம்.ஆர். திட்டம் வந்தது. தூசும் சாம்பலும் சோதனைச்சாலையில் அளக்கப்பட்டன. எஸ்.எம்.ஆர். 20 என்றால் நூற்றுக்கு 0.20-க்கு மேல் தூசு கூடாது என்பது தொடக்கத்தில் இருந்த விதி. பிறகு அது 0.16 ஆக இறுக்கப்பட்டது. செயற்கை ரப்பரோடு போட்டியிட்டுப் பிழைக்க இது தேவைப்பட்டது, குறை சொல்லமாட்டோம். ஆயினும் இந்தோனேசியாவின் எஸ்.ஐ.ஆர்., தாய்லாந்தின் எஸ்.டி.ஆர். என அதே வகைச் சரக்குகள் வரிசையில் வந்து நின்றன. டயர் கம்பெனியின் கொள்முதல் அலுவலகத்துக்கு இன்று எந்த நாட்டு மரம் என்பது பெரிய விஷயமல்ல. சிங்கப்பூர்ச் சந்தையில் விலை சரிந்தால் அது எங்கே வந்து விழும் என்பதை, ரப்பர் விலையோடு பிணைத்த கூலி ஒப்பந்தங்களில் காலந்தள்ளிய நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நாம் இங்கே கேட்பது ஒன்று. ஆலைக்குள் தூசை இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள். எடைக் கொட்டகையில் நடப்பதென்ன? மங்கிலிருந்து எடுத்து வந்த கட்டிப்பாலை அமுக்கிப் பார்த்து, "ஈரம்" என்று கண்மதிப்பில் கிலோக்கணக்கில் கழிக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மழைக்கு மறுநாள் அந்தக் கழிவுக்குக் கணக்கே இல்லை. கிராணிமார் மீது பழி போட இதை எழுதவில்லை. மேலிருந்து வரும் உத்தரவைத்தான் அவர்கள் புத்தகத்தில் ஏற்றுகிறார்கள், அதற்கான ஏச்சையும் அவர்களே வாங்கிக் கொள்கிறார்கள்.

வாங்குபவர் தரம் கேட்டதும் சோதனைச்சாலை எழும்பியது. மரம் சீவும் ஆணும் பெண்ணும் கேட்டால் ஒரு சீட்டுகூட எழுதித் தர முடியாதா? ஈரக்கழிவை மாதிரி எடுத்து, உலர்த்தி, எடை பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கழித்த அளவை அன்றைக்கே எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இக்கோரிக்கை முதலிடம் பெறவேண்டும். தத்தம் தோட்டத்தில் கழிவு எப்படிப் போடப்படுகிறது என்ற விவரத்தை, ஒரு மாதத் தேதிவாரிக் கணக்கோடு எழுதியனுப்புமாறு கிளைக் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.