நெகட்டிவைத் தூக்கிப் போடாதீங்க

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சே, இந்தக் குப்பை இனி எதுக்கு?" வீடு மாற்றும்போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் பீரோ மேலிருந்து நெகட்டிவ் கட்டு இறங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். என் கட்சி ஒன்றுதான்: ஸ்கேன் பண்ணுங்கள், நெகட்டிவையும் வையுங்கள்.

ஆல்பத்தில் இருப்பது நகல். ஸ்கேனும் நகல்தான், அதுவும் அன்றைக்குக் கையில் கிடைத்த ஸ்கேனரின் தரத்தில். கேமராவுக்குள் உட்கார்ந்து வெளிச்சத்தை வாங்கியது நெகட்டிவ் மட்டுமே. சத்யஜித் ரேயின் அபு படங்களின் அசல் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றின் தீவிபத்தில் கருகின. கருகியதைக்கூட யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு படங்களில் தேறிய பகுதிகளை எடுத்து இத்தாலியின் பொலோன்யா நகரில் சீராக்க, 2015-ல் புதுப்பித்த பிரதிகள் வெளிவந்தன. எரிந்ததற்கே இந்த மரியாதை என்றால் நம் வீட்டுச் சுருள் என்ன பாவம் செய்தது?

இன்னொரு விஷயம். ஒரு ரோலில் 36 படம் எடுத்துவிட்டு, "நல்லா வந்தது மட்டும் பிரிண்ட் போடுங்க" என்று சொன்ன காலம் அது. கண் மூடியது, கை ஆடியது, பின்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பாட்டி எல்லாம் ஆல்பத்துக்கு வரவே இல்லை. அவர்கள் நெகட்டிவில் மட்டும் இருக்கிறார்கள். பிலிம் ஓரத்து எண்களைப் பார்த்தால் எது முதலில், எது பிறகு என்பதும் தெரியும்.

வைக்கும் முறை பெரிய வித்தை இல்லை. ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் படத்தைக் கெடுக்கும். பிவிசி உறையும் ஆகாது. பாலிப்ராப்பிலீன் உறையோ அமிலமில்லாத காகித உறையோ நல்லது. பரண் வேண்டாம், அங்கே சூடு. நான் இருக்கும் மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். காடி வாசனை அடிக்கும் சுருள் இருந்தால் உடனே தனியாகப் பிரித்து, அதை முதலில் ஸ்கேன் பண்ணுங்கள். பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். கலர் நெகட்டிவின் சாயம் இருட்டிலும் மெல்ல மங்கும், அதனால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுக்குவதற்கு ரோலுக்கு ஓர் எண் போதும். 1986-1, 1986-2 என்று உறையில் பென்சிலால் எழுதுங்கள், பிலிமை உள்ளே விடுவதற்கு முன்பே. ஒரு நோட்டில் அதே எண்ணைப் போட்டு, யார், எங்கே, என்ன விசேஷம் என்று குறியுங்கள். ஸ்கேன் கோப்புக்கும் அதே எண்.

என்னைக் கேட்டால் டப்பாவைவிட அந்த நோட்டுதான் அவசரம். பிலிம் இன்னும் இருபது வருஷம் தாங்கலாம். வெள்ளை முடி கருப்பாகவும் கருப்பு முகம் வெள்ளையாகவும் தெரியும் அந்தத் துண்டில் இருப்பது சின்னத் தாத்தாவா, பக்கத்து வீட்டுக்காரரா என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் மிச்சம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் போங்கள்.