கேட்காமல் வைக்கும் கரண்ட்

செல்போன் கோபுரம் என்றால் "நரம்பெல்லாம் போயிடும் சார்" என்று பயப்படும் என் வயதுக்காரர்கள், முழங்கால் வலிக்கு மட்டும் பிசியோதெரபியில் வாரம் மூன்று நாள் காசு கொடுத்து 'கரண்ட்' வைத்துக்கொள்கிறார்கள். அது என்ன கரண்ட் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அதன் பெயர் டயாதெர்மி. சில இடங்களில் 27.12 மெகாஹெர்ட்ஸ் ஷார்ட்வேவ். சில இடங்களில் 2450 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ், அதாவது பேத்தி பாப்கார்ன் பொரிக்கும் அடுப்பில் உள்ள அதே அலை. தொலைபேசித் துறையில் மைக்ரோவேவ் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோபுரத்திலிருந்து நம் மொட்டைமாடிக்கு வந்து சேர்வது சொற்பம். இந்தக் கருவியோ காலுக்குப் பக்கத்திலேயே நின்று பல பத்து வாட் சக்தியைப் பாய்ச்சுகிறது.

கருவிக்கு நான் எதிரியல்ல. தசைக்குள் சூடு இறங்குகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, இறுக்கம் தளர்ந்து வலி கொஞ்சம் அடங்குகிறது. 'நரம்பைப் புதுப்பிக்கும்' என்பது விற்பனைப் பேச்சு. வெந்நீர்ப் பைக்கு அண்ணன், அவ்வளவுதான்.

என் சண்டை, நோயாளியிடம் எதுவும் கேட்காமல் அதை வைப்பதற்கு. சூடு மீறினால் "சுடுதும்மா" என்று நாம்தான் சொல்ல வேண்டும். இருபது வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர் எப்படிச் சொல்வார்? தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். எலும்பில் ஸ்டீல் பிளேட் இருந்தால் அதைச் சுற்றிச் சூடு குவியும். பேஸ்மேக்கர் இருந்தால் கருவியின் பக்கமே போகக் கூடாது. மூளைக்குள் மின்தூண்டி பொருத்தியவர்கள் டயாதெர்மிக்குப் பிறகு இறந்ததாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2002 டிசம்பரிலேயே எச்சரித்தது. உள்ளே இருக்கும் கருவியை அணைத்து வைத்தாலும் ஆபத்துதான், கம்பி வழியாகச் சூடு ஏறும் என்றும் சொன்னது.

என் மனைவியை அழைத்துப்போன இடத்தில் பெயர், வயது, பத்து நாளைக்கு எவ்வளவு, இவ்வளவுதான் பேச்சு. சர்க்கரையையும் இடுப்பில் உள்ள பிளேட்டையும் நான்தான் சொன்னேன். "அப்ப வேண்டாம் அங்கிள்" என்றது அந்தப் பெண். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. கேட்கச் சொல்லிக் கொடுக்காத முதலாளியைச் சொல்கிறேன். சர்க்கரை உண்டா, மரத்துப்போகிறதா, உடம்பில் உலோகமோ பேஸ்மேக்கரோ உண்டா என்று நாலு வரி அச்சடிக்க என்ன செலவாகும்?

அவர்கள் அச்சடிக்கும்வரை, பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டையும் பேஸ்மேக்கர் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். படுக்கும் முன்பே மேசைமேல் வையுங்கள்.