காருக்கு ஏன் தாழ்வு மனப்பான்மை?

கொருக்குப்பேட்டையில் எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அங்கே போயிருந்தேன். வாசலில் ஒரு சின்னச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நண்பரின் மகளுக்கு அப்போது ஏழு மாதம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் தன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அக்காவோ ஏற மாட்டேன் என்கிறாள்.

"நான் ஆட்டோவிலேயே போய்க்கிறேன்டா, விட்டுடு."

"கார் இருக்கும்போது ஆட்டோ எதுக்குக்கா?"

"உன் காரிலே ஏறினா, டாக்டரம்மா சொன்ன தேதி வரைக்கும் பிள்ளை காத்துக்கிட்டு இருக்காதுடா!"

சௌகரியப் போட்டியில் ஆட்டோவிடம் கார் தோற்றதாக நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. காரை உற்றுப் பார்த்தேன். பழைய சின்னக் கார்தான். ஆனால் ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. சக்கரங்கள் மட்கார்டுக்குள் பாதி ஒளிந்துகொண்டு, வண்டி தரையோடு தரையாகக் குந்தியிருந்தது.

"ஸ்பிரிங் மாத்தியிருக்கேன் சார்" என்றான் பையன் பெருமையாக. "30 மில்லிமீட்டர் இறக்கியாச்சு. வண்டி இப்போ ரோட்டை அப்படியே கவ்விக்கிட்டுப் போவுது!"

துறைமுகத்தை ஒட்டிய கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. பல மாதச் சேமிப்பு அந்த நான்கு ஸ்பிரிங்குகளாக மாறியிருக்கிறது. அக்கா ஆட்டோவில் ஏறிப் போனாள். பையனின் முகம், வண்டியின் உயரத்துக்கே இறங்கிவிட்டது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். "இந்தக் காலத்துப் பையன்களுக்கு வேறு வேலை இல்லை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். அவன் கட்சியிலும் நியாயம் உண்டு. முதலில் அதைக் கேட்போம்.

கார் ஒரு வளைவில் திரும்பும்போது அதன் கனம் வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. கனம் முழுவதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளப்படும் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தச் சாய்வு அதிகம். அந்தப் புள்ளி சின்னக் கார்களில் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். வண்டியை 3 செண்டிமீட்டர் இறக்கினால், ஒரு பக்கம் சாயும் பாரம் நூற்றுக்கு 6 பங்கு குறையும். ஸ்பிரிங்கும் விறைப்பாக இருப்பதால் வண்டி அதிகம் ஆடாது. திருப்பினால் உடனே திரும்பும். பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு இது பெரிய லாபம்.

இந்தக் கலை பந்தயத் திடலில் பிறந்தது. அதற்கு வடசென்னைக்காரர்கள் அதிக தூரம் போய்ப் பார்க்க வேண்டியிருந்ததில்லை. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்த பிறகு சோழவரத்தின் ஆரவாரம் ஓய்ந்தது. அங்கே ஓடிய வண்டிகளைப் பார்த்துத்தான் எத்தனையோ மெக்கானிக்குகளுக்குக் கை துருதுருத்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விமானம் இறங்கும் தளத்தில் குழி கிடையாது, வேகத்தடை கிடையாது, மழைத் தண்ணீர் முழங்கால் அளவு தேங்குவது கிடையாது. பந்தயக்காரர் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிவிடுவார். அவர் பக்கத்து சீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியும் உட்கார்ந்திருக்க மாட்டாள்!

சரி, அக்காவைப் பயமுறுத்தியது எது? ஸ்பிரிங்கா? அதில் பாதிதான் ஸ்பிரிங்கின் குற்றம். மறு பாதி, பையன் மாற்றாமல் விட்ட ஷாக் அப்சார்பரின் குற்றம்.

ஷாக் அப்சார்பர் என்றால் அதிர்ச்சியை விழுங்குவது என்று அர்த்தம். பெயர் வைத்தவர் யாரோ, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். பள்ளத்தின் குலுக்கலை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு; வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது. அமுங்கிய ஸ்பிரிங் எழும்பும், எழும்பியது மறுபடியும் அமுங்கும். இப்படி ஊஞ்சலாடும் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் நுண்ணிய துவாரங்கள் உள்ள ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துவாரங்களின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சிரமத்தில் ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. கரடுமுரடான ரோட்டில் வெகுதூரம் ஓடிய வண்டியின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும்.

சாதாரணக் காரின் உடல், ஸ்பிரிங்குகளின் மேல் நிமிஷத்துக்கு 60 முதல் 90 தடவை ஆடும்படியாக அமைக்கப்படுகிறது. நாம் நிதானமாக நடக்கும் தாளத்துக்கு அது ஏறக்குறைய நெருக்கமானது. அதனால் உடம்புக்கு உறுத்துவதில்லை. பந்தயக் கார்களில் இந்த எண்ணிக்கை 120-க்கு மேலே போகும். தாழ்த்தும் ஸ்பிரிங் இந்த இரண்டுக்கும் இடையில் நம்மை நிறுத்துகிறது. விறைப்பான ஸ்பிரிங் எழும்பும்போது முன்னைவிடப் பலமாக உதைக்கும். அதை அடக்க, அதே பலத்துக்குத் தகுந்த ஷாக் வேண்டும். பையன் வைத்திருந்ததோ பல வருஷம் உழைத்து அலுத்த பழைய ஷாக். முரட்டுக் காளையைக் கிழவர் கையில் பிடித்துக் கொடுத்த கதை!

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்போதைய சின்னக் கார்களில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே காலாக இருக்கும். எர்ல் மக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் வகுத்த அமைப்பு இது. 1950-ல் வந்த போர்டு கான்சல் காரில் இடம்பெற்று, பிறகு உலகம் முழுதும் பரவியது. வண்டியை இறக்கினால் இந்தக் காலுக்கு மடங்க இருக்கும் இடம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். பள்ளம் வந்ததும் உள்ளே இருக்கும் ரப்பர்க் கட்டையில் போய் 'டொக்'கென்று இடிக்கும். அந்த 'டொக்' நேரே முதுகெலும்பில் கேட்கும்.

இனி நம் ஊர் ரோட்டுக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செண்டிமீட்டர் இருக்க வேண்டும். சின்னக் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 2.4 மீட்டர்தான். ஆகவே முறையான தடையின் மேல் நான்கு சக்கரங்களும் ஏறி நிற்கலாம். அப்போது வண்டியின் வயிற்றை நோக்கி மேடு எழும்புவது ஏறக்குறைய 4 செண்டிமீட்டர்தான். யானைமேல் போவதுபோல் அசைந்து போய்விடலாம்.

ஆனால் நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் தடைகள் அப்படியா இருக்கின்றன? வயல் வரப்பைப் பெயர்த்து வந்து தார் பூசியதுபோல் குறுகலாக இருக்கின்றன. அங்கே முன் சக்கரம் இறங்கிய பிறகு, பின் சக்கரம் ஏறுவதற்கு முன், முழு 10 செண்டிமீட்டரும் வயிற்றுக்கு நேரே நிற்கும். கணக்குப் போடுங்கள். சின்னக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் 16.5 செண்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பத்தோடு ஏறினால் 4 செண்டிமீட்டர் தணியும். மீதி 12.5, தப்பித்துக்கொள்ளலாம். இறக்கிய வண்டியிலோ மீதி 9.5. தலைவிதி தரையில் தேய்ந்துவிடும்!

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் உழுதுவிட்டுப் போன ரோடு, தண்டவாளத்தைத் தாண்டும் இடத்து மேடு, கால்வாய் ஓரத்துத் தேக்கம் எல்லாமே அங்கே உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சமயத்தில் ஒவ்வொரு செண்டிமீட்டர் உயரமும் தங்கத்துக்குச் சமானம்.

பையனையாவது ஒரு விதத்தில் பாராட்ட வேண்டும். அவன் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டான். சிலர் அந்தச் செலவையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை காஸ் வைத்து அறுத்துவிடுகிறார்கள். இதை மாத்திரம் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். நெருப்புப் பட்ட இடத்தில் எஃகின் முறுக்கு போய்விடும். அறுத்த முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இடம் பெயர்ந்து விலகக்கூடும். ஓடுகிற வண்டியில் அப்படி ஆனால் விளைவு என்னவென்று நான் எழுத வேண்டுமா?

வீட்டு வாசலிலே தானே கழற்றிப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன் ஸ்பிரிங்கைக் கருவி போட்டு அமுக்கிய பிறகுதான் கழற்ற முடியும். அப்படி அமுக்கிய ஸ்பிரிங்குக்குள் அடைந்து கிடக்கும் சக்தி, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமாக இருக்கலாம். கருவி நழுவினால் அது யார் முகத்தையும் பார்க்காது. பட்டறையில், தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை இது.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்காமல் வண்டியின் உயரத்தில் கை வைப்பது புத்திசாலித்தனமல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் விபத்து நடந்த பிறகுதான் இதைப் பற்றிக் கேள்வி கேட்கும்.

அப்படியானால் நன்றாக ஓடும் வண்டி வேண்டும் என்ற ஆசையே தப்பா? இல்லவே இல்லை. அந்த ஆசைக்குச் சரியான வழி ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. உங்கள் வண்டியின் ஒரு மூலையைக் கையால் பலமாக இரண்டு மூன்று தடவை அமுக்கி, சட்டென்று விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் ஷாக்குக்கு உயிர் இருக்கிறது. ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. குழாயின் வெளியே எண்ணெய் கசிந்திருக்கிறதா, டயர் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓய்ந்த ஷாக் உள்ள வண்டியில் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். பிரேக் போட்டாலும் வண்டி நிற்க அதிக தூரம் எடுத்துக்கொள்ளும்.

மாற்றுவதானால் ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் இரண்டும், அல்லது பின்னால் இரண்டும். உங்கள் வண்டிக்கென்றே, அதே உயரத்துக்குச் செய்யப்பட்டதாக இருக்கட்டும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால், உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்த ரகம் நல்லது. ஓயாத குலுக்கலில் எண்ணெய் நுரைத்துப்போனால் ஷாக் வலுவிழக்கும். வாயுவின் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. மேலே உள்ள ரப்பர் மவுண்டையும் உள்ளே உள்ள ரப்பர்க் கட்டையையும் அதே சமயத்தில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கடைசியில் சக்கரங்களின் அலைன்மென்டைச் சரிபார்க்காமல் பட்டறையை விட்டுக் கிளம்பாதீர்கள். இல்லாவிட்டால் டயரின் ஒரு ஓரம் மாத்திரம் தேய்ந்துவிடும்.

கொருக்குப்பேட்டைப் பையனிடம் அன்றைக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்கே அப்போது பாதிதான் தெரியும். அவனை அழைத்துக்கொண்டு, நீண்ட நாள் லாரிப் பட்டறையில் உழைத்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "வண்டியை இறக்கினே சரி தம்பி, ரோட்டை யார் ஏத்துறது?" என்று மாத்திரம் கேட்டார்.

பையன் பதில் சொல்லவில்லை. அடுத்த சம்பளத்தில் நான்கு புது ஷாக் வாங்கினான். பழைய ஸ்பிரிங்குகளையே திரும்பப் போட்டான். இறக்கிய ஸ்பிரிங்குகள் சாக்கில் கட்டிப் பரணில் ஏறிவிட்டன. என்றைக்காவது பந்தயப் பாதையில் ஓட்டுவேன் என்கிறான். ஓட்டட்டுமே, அதற்குரிய இடம் அதுதான்.

போன மாதம் நண்பர் வீட்டில் சர்க்கரை கொடுத்தார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவிலா வந்தீர்கள் என்று கேட்டேன். தாய்க்காரி சிரித்தாள். தம்பிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னான்:

"என் காரிலேதான் சார். ராயபுரத்திலே தூங்கின பாப்பா, வீட்டு வாசல் வர்ற வரைக்கும் கண்ணே திறக்கலை!"