கறை நல்லதல்ல!

சலவைத்தூள் விளம்பரத்தில் வேண்டுமானால் கறை நல்லதாக இருக்கலாம். நெகட்டிவில் கறை நல்லதே அல்ல. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் கொடுமை.

ஃபிலிம் கேமரா மறுபடியும் ஃபேஷனாகிவிட்டது. நல்ல விஷயம். பாத்ரூமில் டாங்க் வைத்துக் கறுப்பு வெள்ளை ரோலைத் தானே கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் கழுவிய ரோலில் திட்டும் புள்ளியும் விழுந்துவிட்டால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. முதல் கட்சிக்கு எல்லாமே அடுத்தவன் தப்பு. ஃபிலிம் பழசு, கெமிக்கல் டூப்ளிகேட், கடைக்காரன் ஏமாத்திட்டான், இத்யாதி. இரண்டாவது கட்சி இன்னும் ஆபத்தானது. "இதாங்க ஃபிலிமோட அழகு, டிஜிட்டல்ல வருமா?" என்று கறைக்கே காவியம் பாடும்.

இரண்டு கட்சிக்கும் கொள்கை ஒன்றுதான்: நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் குட்டு உடைந்துவிடும். கறை ஒரு சாட்சி. எந்தக் கட்டத்தில் என்ன தப்பு நடந்தது என்று அதுவே சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை.

சாட்சி சொல்வது இதுதான்:

1. படத்தில் உருண்டையான கறுப்புப் புள்ளி. அதாவது நெகட்டிவில் அந்த இடம் வெளுத்திருக்கிறது. டெவலப்பர் ஊற்றியதும் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் மருந்து படவிடாமல் தடுத்திருக்கிறது. டாங்கைத் தரையில் இரண்டு தட்டு தட்டியிருந்தால் குமிழி ஓடியிருக்கும். இதற்கு வைத்தியம் கிடையாது. போனது போனதுதான்.

2. படத்தில் வெள்ளைத் திட்டு, சொட்டு வழிந்த தடம். இது உப்பு. சென்னை போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாளியில் படிவதுதான் நெகட்டிவிலும் படிகிறது. கடைசி அலசலை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் செய்து, கோடக் ஃபோட்டோ-ஃப்ளோ போன்ற திரவத்தை 200-க்கு 1 பங்கு கலந்தால் போதும். ஏற்கெனவே கறை விழுந்துவிட்டதா? பளபளப்பான பக்கம் என்றால் வாயால் ஊதி மெல்லிய துணியால் துடைக்கலாம். மங்கலான பக்கம்தான் எமல்ஷன். அங்கே துணி வைக்கக்கூடாது. திரும்ப ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

3. பால் ஊற்றியது மாதிரி மங்கல். ஃபிக்ஸர் போதவில்லை. வெள்ளி உப்பு முழுதாகக் கரையவில்லை. புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டு நன்றாகக் கழுவினால் தெளிந்துவிடும். இது தெரியாமல் 'வின்டேஜ்' என்று பெயர் வைத்து ஸ்கேன் பண்ணுகிற கலைஞர்களை என்னவென்று சொல்வது?

4. ஊதா அல்லது ரோஸ் சாயம். கோடக் டி-மேக்ஸ் மாதிரி ஃபிலிம்களில் இருக்கும் சாயம் முழுதாக இறங்கவில்லை. லேசாக இருந்தால் கவலை வேண்டாம். அழுத்தமாக இருந்தால் ஃபிக்ஸர் நேரமோ கழுவலோ குறைவு.

5. நூல் நூலாக, துகள் துகளாக வெள்ளை. தூசி. சீக்கிரம் காயட்டும் என்று ஈர ஃபிலிமை ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்ட புண்ணியம்.

ஐந்தில் எங்கேயாவது கடைக்காரன் வந்தாரா?

இப்போது காசு விவகாரம். ஃபிலிம் விலை ஏறிக்கிடக்கும் காலத்தில், மிச்சம் பிடிப்பது எங்கே என்று பார்த்தால் ஃபிக்ஸரில். ஒரே பாட்டிலை நிறம் மாறிய பிறகும் விடுவதில்லை. அது செத்துவிட்டதா என்று அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். ரோலின் நுனியில் வெட்டிய துண்டை அதில் போட்டு, எத்தனை விநாடியில் தெளிகிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ரோலுக்குத் தர வேண்டும். புது ஃபிக்ஸரில் ஆனதைவிடத் தெளிவதற்கே இரண்டு மடங்கு நேரம் ஆனால், பாட்டிலுக்கு விடை கொடுத்துவிடலாம். ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்த வேதியியல்தான் இது. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும். ஆனால் சக்தி தீர்ந்தபின் கரைக்காது. பி.காம் முதல் வருடப் பையனுக்கே தெரியும், சில்லறைச் செலவைக் குறைக்க முதலையே பணயம் வைப்பதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

அந்த முதல் ஃபிலிமின் விலை மட்டும் அல்ல. தாத்தாவின் எண்பதாம் கல்யாணம் அந்த ரோலில் இருந்தால்? இன்னொரு முறை எடுக்கவா முடியும்? இன்னொன்று, சரியாகக் கழுவாமல் தங்கிவிட்ட ஹைப்போ சும்மா இருக்காது. அதிலிருக்கும் கந்தகம் வருடக்கணக்கில் வெள்ளியை அரித்துக்கொண்டே இருக்கும். இன்று சுத்தமாகத் தெரியும் நெகட்டிவ் நாளை மஞ்சளாகி மங்கும். ஆல்பத்தைத் திறக்கும் பேரன் அதை அழகு என்று சொல்லமாட்டான்.

"அப்போ வேண்டுமென்றே ஃபிலிமை எலுமிச்சைச் சாற்றிலும் டீயிலும் ஊறவைக்கிறார்களே, அது கலை இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். தாராளமாகக் கலைதான். அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்து செய்கிறார், ஒரு ரோலை அதற்கென்றே ஒதுக்குகிறார். குமிழி ஒட்டியதை முடிந்தபின் பார்த்து, "இதைத்தான் நினைத்தேன்" என்பது கலையில் சேராது. விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற கதையில்தான் சேரும் :-)

கறையை ரசிக்கட்டும், தடையில்லை. முதலில் கறை இல்லாமல் ஒரு ரோல் கழுவிக் காட்டட்டும். அதற்குப் பிறகு விழும் கறையை வேண்டுமானால் ஸ்டைல் என்று சொல்லிக்கொள்ளலாம்.