வாட்டர்லூவை வெட்டாதீர்கள்

யார்க்‌ஷயர் கிராமமொன்றில் பாதிரியாராக இருந்த லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய ‘டிரிஸ்ட்ராம் ஷாண்டி’ 1759 முதல் 1767 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தது. தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லப் புறப்பட்ட நாயகன் மூன்றாம் தொகுதியில்தான் பிறக்கிறான். நான்காம் தொகுதியில் அவனே கணக்குப் போட்டுப் பார்க்கிறான்: எழுத உட்கார்ந்து ஓராண்டு ஆகிவிட்டது; கதையோ பிறந்த நாளைத் தாண்டவில்லை. எழுத்தைவிட 364 மடங்கு வேகமாக வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத எழுத, எழுதவேண்டியது கூடிக்கொண்டே போகிறது.

இந்த நாவல் வழிதவறி அலைகிறது என்று நினைப்பவர்கள் ஆறாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களைப் பார்க்கவேண்டும். முதல் ஐந்து தொகுதிகளின் கதைப்போக்கை ஸ்டெர்ன் அங்கே கோடுகளாக வரைந்திருக்கிறார். நேராகப் போகும் கோடு திடீரென மேலே எழுகிறது, கொக்கியாக வளைகிறது, சுருண்டு திரும்புகிறது. ஐந்தாம் தொகுதிக்கான கோட்டில் வளைவுகளுக்கு எழுத்துக் குறியிட்டு, எது எந்த விலகல் என்றும் சொல்கிறார். எங்கே திரும்பினோம் என்பதை இத்தனை துல்லியமாக அறிந்தவரைத் தடம் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ருஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கி 1921இல் இந்த நாவலை உலக இலக்கியத்தின் மிகவும் வகைமாதிரியான நாவல் என்றே கூறினார்.

கதையைவிட்டு விலகிப் போகும் இந்தக் கலை ஸ்டெர்னுக்கு முன்பே பழையது. ‘ஒடிஸி’யின் பத்தொன்பதாம் காண்டத்தில், வேடமிட்டு வீடு திரும்பிய ஒடிஸியஸின் காலைக் கழுவும் கிழட்டுத் தாதி தொடையிலுள்ள தழும்பைத் தடவி அவனை அடையாளம் காண்கிறாள். அந்த நொடியில் ஹோமர் கதையை நிறுத்திவிட்டு, எழுபதுக்கும் மேற்பட்ட அடிகளில் அந்தத் தழும்பைத் தந்த பன்றி வேட்டையைச் சொல்கிறார். அதன்பிறகே கால் அவள் கைநழுவி விழுகிறது. பாத்திரம் சாய்ந்து தண்ணீர் கொட்டுகிறது.

வாசகரின் முணுமுணுப்பும் பழையதுதான். ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகத்தில் இடைச்செருகலாக வந்த நீண்ட கதை அங்கே பொருந்தவில்லை என்ற குறையை, 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரத்தின் வாயாலேயே சொல்லவைத்தார் செர்வான்டெஸ்.

இன்று அதிகம் வெட்டுப்படுபவர் விக்தர் யூகோ. ‘லே மிசரபிள்’ (1862) நாவலின் இரண்டாம் பகுதி பத்தொன்பது அத்தியாயங்கள் நீளும் வாட்டர்லூ போரோடு தொடங்குகிறது. அதை எழுத 1861இல் அந்தப் போர்க்களத்துக்கே போய்த் தங்கினார் யூகோ. கதைக்குச் சம்பந்தமில்லை என்று சுருக்கப் பதிப்புகள் தூக்கி எறிவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் அதன் கடைசி அத்தியாயத்தில், பிணங்களிடம் திருடும் தெனார்தியே, பிணக்குவியலிலிருந்து ஒரு அதிகாரியை இழுத்துப்போடுகிறான். அந்த அதிகாரி, பின்னால் கதையில் வரும் இளைஞன் மரியூஸின் தந்தை. திருடனை உயிர்காத்தவன் என்று அவர் நம்பிவிட, அந்த நன்றிக்கடன் மகன்மேல் விழுந்து, பிந்தைய கதை முழுவதையும் இறுக்குகிறது. இதே நாவலில் வரும் பாரிஸின் பாதாளச் சாக்கடை வரலாறும் அப்படித்தான். அதைப் படித்த வாசகருக்கே, காயம்பட்ட மரியூஸைச் சுமந்து நாயகன் வால்ழான் அந்தச் சேற்றில் இறங்கும்போது ஆழம் தெரியும்.

ஐரோப்பியப் பெருநாவல்களைத் தமிழாக்குவோருக்கும் பதிப்பிப்போருக்கும் இவ்விதழின் வேண்டுகோள் ஒன்றுதான்: பக்கம் கூடினாலும் கூடட்டும், விலை ஏறினாலும் ஏறட்டும், இத்தகைய விலகல் பகுதிகளை வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், சுருக்கப் பதிப்பு என்று அட்டையிலேயே அச்சிடுங்கள்.